விதைநெல்லும் விஞ்ஞானியும்



பஞ்சம் வந்தாலும் விதைநெல்லில் கைவைக்கலாகாது என்பது எமது கமக்காரர் போற்றிய ஒழுக்கம். அவ்வொழுக்கத்துக்காக உயிரையே கொடுத்தோரின் கதையொன்று சோவியத் வரலாற்றில் உண்டு. அவர்களின் தலைவராயிருந்தவர் நிக்கொலாய் வவிலோவ்.

1887இல் பிறந்த வவிலோவ் ஒரு தாவரவியல் அறிஞர். பயிர்கள் முதலில் எங்கே தோன்றின என்பதை அறியும் வேட்கையில் ஆப்கானிஸ்தான், எதியோப்பியா, தென்னமெரிக்கா என நாடு நாடாகச் சென்று விதைகளைத் திரட்டினார். லெனின்கிராட் நகரிலிருந்த அவரது நிறுவகத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன.

அக்காலத்தில் லைசென்கோ என்பார் ஸ்டாலினின் ஆதரவைப் பெற்றார். மெண்டல் வழிவந்த பிறப்புரிமையியலை மறுத்த அவர், விரைவில் பெருவிளைச்சல் காட்டுவதாக வாக்களித்தார். ஆட்சியாளரின் விருப்பத்துக்காக ஆய்வின் முடிவை மாற்ற வவிலோவ் இணங்கவில்லை. 1939இல் எடின்பரோவில் கூடிய சர்வதேச பிறப்புரிமையியல் மாநாட்டுக்கு அவரே தலைவராகத் தெரிவாகியிருந்தும் செல்ல அனுமதி கிடைக்கவில்லை. 1940 ஒகஸ்டில் கைதானார். உளவு பார்த்தார், நாசவேலை செய்தார் என்பன குற்றச்சாட்டுகள். 1941இல் மரணதண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் இருபதாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1943 ஜனவரியில் சரத்தோவ் சிறையில் பட்டினியால் நலிந்து மாண்டார்.

அதே காலத்தில் லெனின்கிராட் நகரும் ஜேர்மன் முற்றுகையில் பட்டினி கிடந்தது. விதைக் களஞ்சியத்தைக் காத்துநின்ற அவரது சகாக்கள் சிலர், தானியங்களின் நடுவே பசியால் இறந்தனர். விதைகளை அவர்கள் தொடவில்லை.

வவிலோவ் சிறையிலிருக்கையில், 1942இல், லண்டன் றோயல் சங்கம் அவரை வெளிநாட்டு உறுப்பினராகத் தெரிவு செய்தது. சிறைக்கதவு திறக்கவில்லை. 1948இல் சோவியத் நாட்டில் பிறப்புரிமையியலே ஒடுக்கப்பட்டது. நோபல் பரிசு பெற்ற ஹென்றி டேல், வவிலோவின் கதியைச் சுட்டிக்காட்டி, சோவியத் விஞ்ஞானக் கழக உறுப்புரிமையை அவ்வாண்டிலேயே துறந்தார். 1955இல் வவிலோவ் குற்றமற்றவரென அரசே ஏற்றது. அவர் இறந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள்.

1966இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற பொருளாதார, சமூக, கலாசார உரிமைகள் உடன்படிக்கையின் 15ஆம் உறுப்புரை, விஞ்ஞான ஆய்வுக்கு இன்றியமையாத சுதந்திரத்தை அரசுகள் மதிக்க வேண்டுமென்கிறது. ஆயினும் ஏட்டிலுள்ள உரிமைக்காகப் பேச மனிதர் வேண்டும். வவிலோவ் சிறையிலிருந்தபோது, அவரது முதிய ஆசிரியர் பிரியானிஷ்னிகோவ் அவரை விடுவிக்கும்படி அதிகாரபீடத்தை அணுகி மன்றாடினார். அன்று பலரும் வாய்மூடியிருந்தனர். அந்த ஆசிரியரின் குரலோடு இன்னும் ஆயிரம் குரல்கள் சேர்ந்திருந்தால் என்ற ஏக்கம், இக்கதையைப் படிக்குந்தோறும் எழுகின்றது.