நம் திருத்தூதரின் திருநாள் ஜூலை 3 ஆன வரலாறு



நமது பங்கின் பொன்விழாவை எந்த நாளில் கொண்டாடுவது என்று விழாக் குழுவினர் கூடிப் பேசியபோது மூன்று கருத்துகள் எழுந்தன. கோவிலுக்கு அடிக்கல் நாட்டிய நாளே பங்கின் பிறந்த நாள் என்றனர் சிலர். கோவில் மந்திரிக்கப்பட்ட நாள் என்றனர் வேறு சிலர். தனிப் பங்காக அறிவிக்கப்பட்ட நாளே சரியானது என்றனர் மற்றவர்கள். பேச்சின் நடுவே ஒரு பெரியவர் எழுந்தார். "நம்ம பங்கு தேதி இருக்கட்டும் சாமி. தோமையார் திருநாளையே டிசம்பரிலிருந்து ஜூலைக்கு மாத்திட்டாங்களே, அவர் உண்மையிலே இறந்தது எந்தத் தேதி?" என்று கேட்டார். அருகில் இருந்த இளைஞர் ஒருவர், "தேதியே மாறினால் வரலாறும் மாறுமா?" என்றார். அன்று சுருக்கமாகவே பதில் சொன்னேன். இருவருக்கும் உரிய விளக்கத்தை இம்மலரில் தருவது என் கடமை.

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் பரங்கிமலை கண்ணில் படுகிறது. சின்னமலையில் மறைந்து வாழ்ந்தார், பெரிய மலையில் ஈட்டியால் குத்துண்டு உயிர் நீத்தார், மயிலையில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது நம் முன்னோர் வழிவழியாகக் காத்து வந்த மரபு. ஆண்டு கி.பி. 72 என்றும் அம்மரபு கூறும். ஆனால் மாதமும் நாளும் எழுதி வைக்கப்படவில்லை.

விண்ணகப் பிறந்த நாள்

புனிதர்களின் திருநாளைப் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளிலேயே திருச்சபை கொண்டாடுகிறது. அதை விண்ணகத்தில் அவர்கள் பிறந்த நாளாக அது கருதுகிறது. புனித சவேரியார் 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரையோரம் சான்சியான் தீவில் இறந்தார். அதே நாள் அவர் திருநாள். புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டார். பிப்ரவரி 4 அவர் திருநாள். புனித தேவசகாயம் 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுடப்பட்டார். அவருக்கும் அதே நாள்தான். இவர்கள் காலத்தில் நிகழ்ந்ததை உடனே எழுதி வைக்க ஆட்கள் இருந்தார்கள். முதல் நூற்றாண்டு வேதசாட்சிகள் பலருக்கு அந்த வசதி இல்லை. அப்படிப்பட்டவர்களின் எலும்புகள் ஒரு நகருக்கு வந்து சேர்ந்த நாளையோ, அவர்கள் பெயரால் கோவில் அர்ச்சிக்கப்பட்ட நாளையோ திருநாளாகக் கொள்வது தொன்று தொட்ட வழக்கம்.

எடெசா நகரின் நினைவு

நம் திருத்தூதரின் எலும்புகளில் பெரும் பகுதி பழங்காலத்திலேயே இந்தியாவிலிருந்து எடெசா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டதாக மரபு கூறுகிறது. எடெசா இன்று துருக்கி நாட்டில் உர்ஃபா என்னும் பெயருடன் விளங்குகிறது. 373-இல் இறந்த புனித எபிரேம், இந்தியாவில் கொல்லப்பட்ட திருத்தூதரின் எலும்புகளை வணிகர் ஒருவர் தம் நகருக்குக் கொண்டுவந்ததைப் பாடல்களில் போற்றுகிறார். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் எஜேரியா என்னும் பெண் திருப்பயணி எடெசாவுக்குச் சென்று, தோமையார் கோவிலில் செபித்ததைக் குறித்து வைத்தார். பின்னர் அந்த அருளிக்கங்கள் கியோஸ் தீவுக்கும், 1258-இல் இத்தாலியின் ஒர்த்தோனா நகருக்கும் சென்றன.

எலும்புகள் எடெசா சேர்ந்ததன் நினைவு நாள்தான் ஜூலை 3. புனித எரோணிமுஸ் பெயரால் வழங்கும் பழைய வேதசாட்சிகள் பட்டியலிலும் இந்நாள் காணப்படுகிறது. சுரியானி வழிபாட்டு மரபினர் இதனை விடாது காத்து வந்தனர். கேரளத்துச் சகோதரர்கள் இந்நாளை "துக்ரானா" என்பர். நினைவு என்பதே அச்சொல்லின் பொருள்.

இலத்தீன் திருச்சபையோ 9ஆம் நூற்றாண்டில் தோமையாரைத் தன் நாட்காட்டியில் சேர்த்தபோது டிசம்பர் 21-ஐ அவருக்கு ஒதுக்கியது. கிரேக்கத் திருச்சபை அக்டோபர் 6-ஐக் கடைப்பிடிக்கிறது. ஆகவே ஒரே திருத்தூதருக்கு மூன்று நாட்கள் இருந்தன.

1969-இல் நடந்தது

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் திருவழிபாட்டு நாட்காட்டி திருத்தப்பட்டது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1969 பிப்ரவரி 14 அன்று ஒப்புதல் அளித்தார். 1970 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. டிசம்பர் 17 முதல் 24 வரையுள்ள நாட்கள் ஆண்டவரின் பிறப்புக்கு நேரடியாக ஆயத்தம் செய்யும் நாட்கள். அவற்றின் நடுவே வேறு திருநாள் குறுக்கிடலாகாது என்பதே மாற்றத்தின் காரணம். மாற்றும்போது புதிதாக ஒரு தேதியைக் கற்பிக்கவில்லை. கீழைத் திருச்சபை காத்து வைத்திருந்த ஜூலை 3-ஐ உரோமை ஏற்றுக்கொண்டது.

இதன் பயனை நம் புறநகரில் நாமே காண்கிறோம். ஒரே தெருவில் குடியிருந்தும், தமிழ்க் குடும்பம் டிசம்பரிலும் மலையாளக் குடும்பம் ஜூலையிலும் தோமையாரைக் கொண்டாடிய நிலை நீங்கியது. இன்று இரு வழிபாட்டு முறையினரும் ஒரே நாளில் "என் ஆண்டவரே, என் கடவுளே" என்று அறிக்கையிடுகிறோம். நம் நாட்டில் அது பெருவிழா.

மலையின் டிசம்பர்

ஆனாலும் பெரியவரின் மனக்குறையை நான் அறிவேன். டிசம்பரில் மலை ஏறியதே அவர் தலைமுறையின் கிறிஸ்மஸ் ஆயத்தம். அவருக்கு ஓர் ஆறுதல் உண்டு: மலையின் டிசம்பர் திருநாள் போய்விடவில்லை. போர்த்துக்கீசியர் 1523-இல் மலைமேல் கட்டிய ஆலயம், திருமகனின் பிறப்பை எதிர்பார்த்திருக்கும் மாதாவுக்கு நேர்ந்தளிக்கப்பட்டது. அம்மாதாவின் திருநாள் டிசம்பர் 18.

இந்தத் தேதிக்கும் ஒரு வரலாறு உண்டு. மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25 தவக்காலத்தில் விழுவதால் அதைச் சிறப்பாகக் கொண்டாட முடியவில்லை என்று கருதி, ஸ்பெயின் நாட்டுத் தொலேதோ நகரில் 656-இல் கூடிய ஆயர்கள், கிறிஸ்து பிறப்புக்கு எட்டாம் நாள் முன்பாக மாதாவுக்கு ஒரு திருநாளை ஏற்படுத்தினர். அந்த வழக்கமே போர்த்துக்கீசியருடன் கடல் கடந்து நம் மலைக்கு வந்தது. 1547-இல் மலையில் கண்டெடுக்கப்பட்ட கற்சிலுவை, 1558-இல் இதே டிசம்பர் 18 அன்று திருப்பலி வேளையில் இரத்தம் வியர்த்தது என்பது மரபு. ஆகையால் பெரியவரே, டிசம்பரில் மாதாவுக்காகவும் ஜூலையில் தோமையாருக்காகவும் மலை ஏறுங்கள். இரண்டும் தகும்.

இளைஞருக்கு நான் சொல்வது இது. திருநாள் தேதி இறப்புச் சான்றிதழ் அன்று. இறந்தவரை மறவாதிருக்க ஒரு சமூகம் கூடி வரும் நாள் அது. தோமையாரின் இறந்த நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. ஆனால் இங்கிருந்து பல்லாயிரம் மைல் தொலைவில் இருந்த ஒரு நகரம், அவர் எலும்புகளை வரவேற்ற நாளை மறக்கவில்லை. நாள் மாறியது; நினைவு மாறவில்லை.

நம் விழாக் குழுவும் இறுதியில் கோவில் மந்திரிக்கப்பட்ட நாளையே தேர்ந்தது. அன்றுதான் நாம் முதன்முதலாக ஒரே கூரையின் கீழ்ப் பீடத்தைச் சுற்றி நின்றோம்.

புனித தோமையாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

இறை ஆசீருடன்,
உங்கள் பங்குத் தந்தை