இடரைப் பகிர்தலும் இடரை விற்றலும்

மேலகரம் என்றதும் தமிழறிந்தோர்க்குத் திரிகூடராசப்பக் கவிராயர் நினைவுக்கு வருவார். குற்றாலக் குறவஞ்சி பாடிய அப்புலவரின் ஊர், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே, அருவிக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ளது. மலைமூலிகைகளைத் தழுவி வரும் நீர் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையில் ஆண்டுதோறும் சாரற் காலத்தில் பல்லாயிரவர் இவ்வழியே கடந்து செல்கின்றனர். அருவியில் நீராடுவோரிடம் வருமானச் சான்றிதழ் கேட்பாரில்லை. ஆயின் நாம் இங்கு ஆராயப் புகுந்தது அருவியைப் பற்றியன்று. அவ்வழியின் இருமருங்கும் உள்ள ஊர்களில் திண்ணையில் அமர்ந்து, மடியில் சுளகு வைத்துப் பீடி சுற்றும் பெண்களின் மருத்துவச் செலவைப் பற்றியது.

தென்காசி, கடையநல்லூர், கடையம், ஆலங்குளம், முக்கூடல் எனப் பொதிகை அடிவாரத்திலிருந்து தாமிரபரணிக் கரைவரை பீடித்தொழில் பரவியுள்ளது. இத்தொழிலில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுள் நம் சமுதாயப் பெண்களும் கணிசமானோர். இலையும் தூளும் பீடிக்கடையிலிருந்து வீட்டுக்கு வரும். சுற்றிய பீடி கட்டுகளாகக் கடைக்குச் செல்லும். வேலையிடம் வீடே ஆதலின், தொழிற்சாலைத் தொழிலாளர்க்காக இயற்றப்பட்ட சட்டங்கள் நெடுங்காலம் இவர்களைத் தொடவில்லை. 1948-இல் இயற்றப்பெற்று 1952-இல் கான்பூரிலும் தில்லியிலும் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம் (மக்கள் வழக்கில் இ.எஸ்.ஐ.) வீட்டுத் திண்ணையைக் கணக்கில் கொள்ளவில்லை. 1966-இன் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே வீட்டிலிருந்து சுற்றுவோரையும் தொழிலாளர் என ஏற்றது.

பத்தாண்டுகளுக்குப் பின் வந்த மற்றொரு சட்டம் நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. 1976-இல் நாடாளுமன்றம் பீடித் தொழிலாளர் நலவரிச் சட்டத்தையும் நலநிதிச் சட்டத்தையும் ஒருங்கே இயற்றியது. உற்பத்தியாகும் பீடியின் மீது ஒரு சிறு வரி. பிற்காலத்தில் அது ஆயிரம் பீடிக்கு ஐந்து ரூபாய் அளவுக்கு உயர்ந்தது. அவ்வரிப் பணம் நலப்பணிகளுக்காகத் தனி நிதியில் சேர்க்கப்பட்டது. அந்நிதியிலிருந்து தொழிலாளர்க்கு மருந்தகங்கள், காசநோய், புற்றுநோய், இதயநோய் ஆகியவற்றிற்கான சிகிச்சை உதவி, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை, வீடு கட்ட உதவி ஆகியன வழங்கப்பட்டன. முக்கூடலில் பீடித் தொழிலாளர்க்கென மருத்துவமனையும் எழுந்தது. தொழிலாளி தன் கையால் சந்தா எதுவும் செலுத்தவில்லை. நோயின் தன்மையைக் கணக்கிட்டு விலை கூறும் நிறுவனமும் இடையில் இல்லை. தேவைப்பட்டது ஓர் அடையாள அட்டை மட்டுமே. அவ்வட்டைக்குத் தொழில்தருநர் சான்று வேண்டும் என்பதும், ஒப்பந்தக்காரர் பலர் அதனை எளிதில் தருவதில்லை என்பதும் இத்திட்டத்தின் பெருங்குறைகள்.

இன்று உலகெங்கும் வழக்கிடப்படும் பெரிய வினா ஒன்றின் சிற்றுருவம் இதில் அடங்கியுள்ளது. நோயாளியின் செலவை ஏற்பது யார்? தனியார் நிறுவனத்திடம் ஒவ்வொருவரும் தத்தம் வசதிக்கேற்பக் காப்பீடு வாங்குவதா? அன்றி, நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுநிதி ஒன்றிலிருந்து அரசே செலவிடுவதா? முதல் வழியின் பெரும் எடுத்துக்காட்டு அமெரிக்கா. இரண்டாம் வழிக்குக் கனடாவைக் காட்டுவர். அங்கு சஸ்காச்சுவான் மாகாணம் 1962-இல் இம்முறையைத் தொடங்கியபோது மருத்துவர்கள் மூன்று வாரங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தனர். எனினும் திட்டம் நிலைபெற்று, 1966-இன் சட்டத்தின் வழியே நாடெங்கும் பரவியது. பிரிட்டன் 1948 ஜூலை 5 அன்று மருத்துவமனைகளையே அரசுடைமையாக்கி இன்னும் ஒருபடி முன்சென்றது. நமக்கு மிக அண்மையிலுள்ள இலங்கை 1951-இல் அரசு மருத்துவமனைக் கட்டணத்தை நீக்கியது. எழுபதுகளில் சிறு கட்டணம் ஒன்று மீண்டும் புகுத்தப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டதும் உண்டு. செல்வத்தில் அமெரிக்காவின் அருகில்கூட நிற்க இயலாத அத்தீவு, பேறுகால மரணத்தைக் குறைத்த பாங்கு உலகோர் பாராட்டுக்குரியதாயிற்று.

இவ்வினாவை நம் சட்டவியல் மரபு வேறொரு வாயிலின் வழியே அணுகியுள்ளது. அதனைப் பலர் ‘இன்ஷூரன்ஸ் ஹலாலா, ஹராமா’ என்ற ஒரு சொற்றொடருக்குள் சுருக்கிவிடுகின்றனர். கடல்வணிகக் காப்பீடு உஸ்மானியத் துறைமுகங்களுக்கு வந்தபோது அதனை ஆராய்ந்த முன்னோடி ஹனஃபி அறிஞர், 1836-இல் மறைந்த திமிஷ்கு நகரத்து இப்னு ஆபிதீன் (ரஹ்) ஆவார். இருபதாம் நூற்றாண்டில் முஸ்தஃபா அல்-ஸர்கா போன்றோர் காப்பீட்டை அனுமதித்தனர்; பெரும்பாலோர் மறுத்தனர். 1965-இல் கெய்ரோவில் கூடிய இஸ்லாமிய ஆய்வுக்கழக மாநாடு, கூட்டுறவுக் காப்பீட்டையும் அரசின் சமூகக் காப்பீட்டையும் ஆகுமெனக் கூறி, வணிகக் காப்பீட்டை மேலாய்வுக்கு ஒதுக்கியது. 1985-இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, நிலையான சந்தாவுடைய வணிகக் காப்பீட்டு ஒப்பந்தத்தில் பெரும் ‘கரர்’, அதாவது விளைவறியாத் தன்மை, உள்ளதென மறுத்து, கூட்டுறவு முறையையே மாற்றாக முன்வைத்தது.

இத்தீர்ப்புகளின் அடிநாதத்தை நாம் கவனித்தல் வேண்டும். இடர் வரக்கூடும் என்றெண்ணி முன்கூட்டியே சேர்த்து வைப்பதை எவரும் தடுக்கவில்லை. உணவு குறைந்தபோது அஷ்அரீ குலத்தார் தம்மிடம் எஞ்சியதை ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக் கொள்வர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டிய செய்தியை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். அறியாமல் நேர்ந்த கொலைக்குரிய ஈட்டுத்தொகையைக் கொலைசெய்தவன் ஒருவனே சுமவாது, ‘ஆகிலா’ எனப்படும் அவன் குலத்தார் அனைவரும் பகிர்ந்து செலுத்தினர். உமர் (ரலி) அவர்கள் காலத்தில் திவான் என்னும் பதிவேடு ஏற்பட்டபின், அப்பொறுப்பு குலத்தாரிடமிருந்து திவானில் பெயர் பெற்றோர்க்கு மாறியது என ஹனஃபி அறிஞர்கள் கொள்வர். இரத்த உறவால் அமைந்த வட்டம், பதிவால் அமைந்த வட்டமாக விரிந்தது. இடரைப் பகிர்வதை மரபு போற்றியது. இடரை ஒரு சரக்காக்கி இலாபத்துக்கு விற்பதையே அது ஐயத்துடன் நோக்கியது. பீடி நலநிதியைத் தொழிலால் அமைந்த ஆகிலா என்று நாம் கூறினால் அது மிகையாகாது. கனடிய முறை குடியுரிமையால் அமைந்த வட்டம்.

இவ்விரண்டிலும் அடங்காத மூன்றாவது ஏற்பாடும் நம் வரலாற்றில் உண்டு. மம்லூக் சுல்தான் அல்-மன்ஸூர் கலாவூன் 1284-இல் (ஹிஜ்ரி 683) கெய்ரோவில் எழுப்பிய பீமாரிஸ்தான் அது. சுல்தானாவதற்கு முன் திமிஷ்கில் நோயுற்றபோது நூருத்தீன் நிறுவிய மருத்துவமனையின் மருந்தால் குணமடைந்து, தாமும் அவ்வாறு ஒன்று கட்டுவதாக அவர் நேர்ந்துகொண்டார் என வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். கடைகள் முதலிய சொத்துகளின் வருவாய் அதற்கு வக்ஃபு செய்யப்பட்டது. ஆடவர், பெண்டிர், செல்வர், வறியோர், உள்ளூரார், வெளியூரார் என்ற வேறுபாடின்றி அது திறந்திருந்தது. வறுமையைச் சான்றுகாட்டி நிறுவவேண்டிய தேவை வாயிலில் இல்லை. ஆனால் இதனைப் பொற்காலமாக மட்டும் வருணித்து நிறுத்துவது நேர்மையாகாது. வக்ஃபின் வருவாய் குன்றியபோதும் நிர்வாகம் சீர்கெட்டபோதும் இத்தகைய நிலையங்கள் நலிந்தன. தமிழகத்து வக்ஃபு நிலங்களின் நிலையை அறிந்தோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இந்தியாவுக்கு வருவோம். 1943-இல் அமைக்கப்பெற்று 1946-இல் அறிக்கை தந்த ஜோசப் போர் குழு, பணமின்மையால் எவர்க்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்று வரையறுத்தது. சிகிச்சையை வேறுபாடின்றி இலவசமாக அளித்து, இயன்றோரின் பங்கை வரியாகப் பெற வேண்டும் என்பது அதன் கருத்து. சுதந்திர இந்தியா இதனைக் கொள்கையாக ஏற்றுக்கொண்டு, பணத்தை மட்டும் ஒதுக்கத் தவறியது. அரசின் பொதுக்காப்பீட்டு நிறுவனங்கள் 1986-இல் ‘மெடிக்ளெய்ம்’ திட்டத்தைக் கொண்டுவந்தன. 1999-இன் சட்டம் காப்பீட்டுத் துறையைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. 2006-இல் மருத்துவக் காப்பீட்டுக்கென்றே தனி நிறுவனம் சென்னையில் தோன்றியது. அதுவரை இது ஊதியம் பெறும் நடுத்தர வகுப்பாரின் செய்தி.

2009 ஜூலையில் தமிழகத்தில் நிலை மாறியது. உயிர்காக்கும் உயர்சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குக் குறைந்தோரும் தொழிலாளர் நலவாரிய உறுப்பினர்களும் இதில் சேர்க்கப்பட்டனர். குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 469 ரூபாயும் சேவை வரியும் ஸ்டார் ஹெல்த் நிறுவனத்துக்கு அரசு செலுத்தும். நான்காண்டுகளில் ஒரு இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஒரு கோடிக் குடும்பம் எனக் கணக்கிட்டால் ஆண்டுச் செலவு 517 கோடி ரூபாய். ஆட்சி மாறியபின் 2012 ஜனவரியில் அத்திட்டம் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமாக மறுபிறவி எடுத்து, பொதுத்துறையைச் சேர்ந்த யுனைட்டெட் இந்தியா நிறுவனத்திடம் சென்றது. 2018-இல் வந்த மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் அதனோடு இணைக்கப்பட்டது. இப்போது காப்புத்தொகை குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம்.

இத்திட்டத்தால் விளைந்த நன்மையை மறுப்பது பொருந்தாது. இதய அறுவைச் சிகிச்சை என்ற சொல்லைக் கேட்டதும் நிலத்தையும் நகையையும் விற்ற குடும்பங்கள் பல, அட்டையைக் காட்டி வெளிவந்தன. அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுத் தாம் செய்த சிகிச்சைக்குக் காப்பீட்டுத் தொகை பெற்றன. கருவிகள் வாங்கவும் பணியாளரை ஊக்குவிக்கவும் அது பயன்பட்டது. தனியார் காப்பீட்டின் ஆதரவாளர்கள் இங்கு ஒரு நியாயமான வாதத்தையும் வைக்கின்றனர்: அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று அவமதிப்புக்குள்ளாகும் ஏழைக்கு, அட்டை ஒன்று தேர்வுரிமையைத் தருகிறது என்பதே அது. அவமதிப்பு உண்மை, அதனை எண்ணாமல் பொதுநிதியின் பெருமை பேசுவோர் அரசு மருத்துவமனையில் படுத்தறியாதவர்.

ஆயினும், திண்ணையில் பீடி சுற்றும் பெண்ணுக்கு வரும் நோய்கள் யாவை? நாள்முழுதும் குனிந்திருப்பதால் முதுகுவலி, கழுத்துவலி, புகையிலைத் தூளால் இருமல், மூச்சுத்திணறல், இரத்தசோகை, நடுவயதில் நீரிழிவும் இரத்த அழுத்தமும். இவற்றுள் பெரும்பாலானவை படுக்கையில் சேர்க்கப்படாமலே பார்க்கப்பட வேண்டியவை. காப்பீடோ பட்டியலிட்ட உள்நோயாளிச் சிகிச்சைக்கே பணம் தரும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு அது உதவாது. அம்மாத்திரையை வாங்காது விட்டுச் சிறுநீரகம் பழுதானபின் உதவும். மருத்துவமனை, அறுவைச் சிகிச்சை, பில் என்ற வரிசையில் பணம் செல்லும்போது மருத்துவமும் அத்திசையிலேயே வளரும்.

தமிழகத்தின் உண்மையான சாதனை வேறிடத்தில் உள்ளது என்பது நம் கருத்து. 1994-இல் பதிவுபெற்று 1995-இல் பணிதொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து, கிடங்குகள் வழியே ஆரம்ப சுகாதார நிலையம் வரை கொண்டு சேர்த்தது. ஒரே கொள்முதலாளர் பேரம் பேசினால் விலை எவ்வளவு இறங்கும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்று தேடவேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு சென்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த ‘நம்மைக் காக்கும் 48’ சாலை விபத்தில் சிக்கியோர்க்கு, எந்த மாநிலத்தவராயினும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் தருகிறது. கலாவூனின் வாயிலில் கேட்கப்படாத வினா இங்கும் கேட்கப்படவில்லை. அனைவருக்கும் மருத்துவம் பற்றி ஆராய்ந்து 2011-இல் அறிக்கை தந்த ஸ்ரீநாத் ரெட்டி தலைமையிலான உயர்நிலைக் குழுவும் இதே திசையைக் காட்டியது: செலவைப் பொது வரியிலிருந்து திரட்ட வேண்டும், அரசின் சார்பில் சிகிச்சை வாங்கக் காப்பீட்டு நிறுவனங்களை இடையில் நிறுத்தலாகாது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை.

பீடி நலவரி என்னவாயிற்று? சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்த 2017-இல், பல சிறு வரிகளோடு அதுவும் நீக்கப்பட்டது. திட்டங்கள் ஒழிக்கப்படவில்லை, மத்திய அரசின் பொது ஒதுக்கீட்டிலிருந்து அவை தொடர்கின்றன. வரிச்சீர்திருத்த நோக்கில் இது சிறு மாற்றம். ஆனால் சுற்றிய ஒவ்வோர் ஆயிரம் பீடியிலும் இத்தனை ரூபாய் தமக்கென ஒதுங்குகிறது என்று அத்தொழிலாளர் உரிமையோடு கூற முடிந்த நிலை அத்துடன் முடிந்தது. முன்பு அது கணக்கிட்டுக் கேட்கத்தக்க பங்கு; இப்போது ஆண்டுதோறும் நிதியமைச்சகத்தின் மனப்போக்கைப் பொறுத்த தொகை. பொதுநிதியை ஆதரிப்போர் இவ்வேறுபாட்டை எண்ணிப் பார்த்தல் தகும். நிதி ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அதன்மீது சட்டவழி உரிமையும் வேண்டும்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. அரசு மருத்துவக் கல்லூரி அமையாத ஒருசில மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. மாவட்டத் தலைமை மருத்துவமனை தென்காசியில் உள்ளது. அங்கு இயலாதவற்றுக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து திருநெல்வேலிக்குச் செல்ல வேண்டும், அல்லது செங்கோட்டை கடந்து, மலையேறி, திருவனந்தபுரத்துக்கு. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதியாதலின் அவ்வழி இவ்வூரார்க்குப் பழகியதே. அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் செல்வோர் இன்றும் உண்டு. ஐந்து இலட்சத்துக்கான அட்டை வீட்டுப் பெட்டியில் இருக்க, பேருந்துக் கட்டணத்துக்கும் உடன்செல்பவரின் இழந்த கூலிக்கும் பீடிக்கடையில் முன்பணம் கேட்டே மேலகரத்துச் சுற்றுவட்டாரப் பெண்கள் புறப்படுகின்றனர்.