வளைகுடா வெப்பமும் மதுவும்: சுமை தாங்கும் சிறுநீரகம்

கத்தார் தலைநகர் தோஹாவில் தெற்காசியர்கள் பெருமளவில் வசிக்கும் பகுதி நஜ்மா. கோடையில் அங்கு வெப்பம் 45 டிகிரியைத் தொடுவதுண்டு. கத்தார் அரசு 2021இல் கடுமையாக்கிய விதிப்படி, ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. ஆனால் வேலை முடிந்த பிறகு அருந்தும் மதுவும் உடலின் நீரைக் குறைக்கிறது.

நீர் குறையும்போது சிறுநீரை அடர்த்தியாக்கி உடலைக் காப்பது வாசோபிரெசின் என்ற ஹார்மோன். மது அதன் சுரப்பைத் தடுக்கிறது. பகலெல்லாம் வியர்த்தவர் இரவில் எஞ்சிய நீரையும் இழக்கிறார். மறுநாள் தலைவலிக்கு விழுங்கும் ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கக்கூடும்.

மிதமான மது சிறுநீரகத்தை நேரடியாகக் கெடுக்கிறது என்று ஆய்வுகள் ஒருமித்துக் கூறவில்லை. ஆனால் பல ஆண்டு மிகைக்குடி இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. கல்லீரல் இழைநார் நோய் முற்றினால், அதுவரை பழுதற்றிருந்த சிறுநீரகமும் செயலிழக்கலாம்.

மதுவிலக்குள்ள குவைத்தில் ஆபத்து வேறுவிதமானது. 2025 ஆகஸ்டில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தால் 160 பேர் பாதிக்கப்பட்டு 23 பேர் இறந்தனர். பலருக்கு, நஞ்சை வெளியேற்றவும் பயன்படும் டயாலிசிஸ் சிகிச்சை அவசரமாகத் தேவைப்பட்டது.

நாட்பட்ட சிறுநீரக நோய் பெரும்பாலும் முற்றும்வரை வலிப்பதில்லை. இரத்தத்தில் கிரியேட்டினின் அளவும் சிறுநீரில் புரதமும் பார்க்கும் சோதனைகளே அதை முன்கூட்டிக் காட்டுகின்றன.