கூரையைத் தொலைத்த தூண்கள்

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி எட்டுக் கருங்கல் தூண்கள் நிற்கின்றன. சாயங்காலம் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ஊரே அங்கே நடக்கும். சிலைக்கு முன்னால் நின்று செல்போனில் படம் எடுப்பவர்களுக்குத் தூண் குறுக்கே வராமல் இருந்தால் போதும். நானும் பல வருடம் அப்படிச் சுண்டல் பொட்டலத்தோடு கடந்து போனவன்தான்.

ஒருநாள் உறைத்தது. தூண் என்றால் எதையாவது தாங்க வேண்டும் அல்லவா? இவை வெறும் ஆகாயத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. இவற்றுக்கு உரிய கூரை எங்கே?

மேற்கே சுமார் எழுபது கிலோமீட்டர், செஞ்சியில்.

திண்டிவனத்தைத் தாண்டித் திருவண்ணாமலைச் சாலையில் போனால் திடீரென்று நிலம் முழுக்கப் பாறை. யாரோ கூடை கூடையாகக் கொண்டுவந்து கொட்டினாற்போல் உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள்; மூன்றையும் இணைத்து ஓடும் மதில். அந்த மதிலுக்கு உள்ளே, புதுச்சேரி வாசல் என்று இன்றும் பெயர் வழங்கும் நுழைவாயிலின் பக்கம், வேங்கடரமணர் கோயில் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கர் கட்டியது. ஏழுநிலைக் கோபுரம். வாசல் சுவரில் பாற்கடலைக் கடைகிறார்கள், ராமாயணம் நடக்கிறது. உள்ளே நுழைந்தால் பரந்த வெளி. மண்டபம் இருக்கிறது, தூண்களும் இருக்கின்றன. ஆனால் பல் விழுந்த வாய்போல இடையிடையே வெறுமை.

கடற்கரையில் நிற்பவை இங்கே பிறந்தவை.

கருங்கல்லைப் பிளப்பதற்குத் தென்னாட்டுக் கல்தச்சர்களின் வழி ஒன்று உண்டு. வரிசையாகக் குழி வெட்டி, ஆப்பு இறக்கி, அடித்துக்கொண்டே வருவார்கள். கல் தனக்குள்ளேயே ஒரு கோடு கிழித்துக்கொண்டு விலகும். அப்படி விலகிய நீளக் கல் ஒன்றை, ஒட்டு இல்லாமல் அடி முதல் நுனி வரை ஒரே தூணாகச் செதுக்குவது நாயக்கர் காலத்துக்குப் பிடித்தமான வேலை. கடைசி நாளில் உளி ஒருமுறை சறுக்கினாலும் அதுவரை பட்டபாடு வீண். இந்தத் தூண்களைப் பார்க்கும்போது அரசர்களைவிட அந்தக் கைகளைத்தான் எனக்கு நினைக்கத் தோன்றுகிறது. அவர்கள் பெயர் எதுவும் நம்மிடம் வந்து சேரவில்லை.

அரசர்களின் பெயர்களோ கொட்டிக் கிடக்கின்றன. பக்கத்துச் சிங்கவரத்தில் குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் ரங்கநாதரைப் படுக்க வைத்தார்கள். கோட்டைக்கு அடிகோலியவர்கள் கோனார்கள் என்பது ஊர் வழக்கு. விஜயநகரத்தின் நாயக்கர்கள் அதைப் பெருக்கினார்கள். 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை வந்து ஊருக்கு பாதுஷாபாத் என்று பெயர் வைத்தது. 1677இல் சிவாஜி. அவர் மகன் ராஜாராம் இங்கே அடைந்துகிடக்க, அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை வெளியே காத்துக் கிடந்தார். உள்ளே புகுந்ததும் ஊர் நுஸ்ரத்கட் ஆனது. ஜனங்கள் மட்டும் செஞ்சி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

1714இல் செஞ்சியை ஆண்ட இருபத்திரண்டு வயது தேஜ்சிங், ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானை எதிர்த்துப் போரில் செத்தார். கூத்துக்காரர்கள் அவரைத் தேசிங்கு ராஜா ஆக்கினார்கள். சில மாதங்கள் ஆண்டவருக்கு இத்தனை பெரிய கதை! ஜெயித்த நவாபுக்குக் கோட்டைக்குள் ஒரு பள்ளிவாசல் இருக்கிறது. அவரைப் பாட ஆளில்லை.

2025இல் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக. மராத்தியர் இங்கே இருந்தது இருபத்தோரு வருடம். சரி, யார் பெயரில் வந்தாலும் சீட்டு சீட்டுதான்.

தூண்களுக்கு வருவோம். 1750 செப்டம்பரில், மொகலாயர் எட்டு வருடம் முட்டி மோதிய அதே கோட்டையைப் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் பிடித்தது. முன்னின்றவர் புஸ்ஸி. அனுப்பியவர் புதுச்சேரி ஆளுநர் துப்ளே, ஆனந்தரங்கப் பிள்ளை யாரிடம் துபாஷாக இருந்தாரோ, அவர்தான். நான்கே வருடத்தில் பாரிஸ் துப்ளேயைத் திரும்ப அழைத்துக்கொண்டது. 1761 ஜனவரியில் புதுச்சேரியே ஆங்கிலேயரிடம் விழுந்தது. அதே வருடம் செஞ்சியும். 1763இல் துப்ளே கடன்காரர்களுக்கு நடுவே பாரிஸில் இறந்தார்.

செஞ்சிக் கோயிலின் தூண்களைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அந்த ஒற்றைக் கற்களை எழுபது கிலோமீட்டர் இழுத்து வந்த மாடுகளையும் ஆட்களையும் நினைத்தால் இப்போதும் முதுகு வலிக்கிறது. 1870இல், உயிரோடு இருந்தபோது கைவிட்ட துப்ளேக்குப் பிரெஞ்சு அரசு கடற்கரையில் வெண்கலச் சிலை எழுப்பியது. பீடத்துக்குச் செஞ்சிக் கல். சுற்றிலும் செஞ்சித் தூண். பெருமாளுக்கு நின்றவை, கோட்டையைப் பிடிக்கப் படை அனுப்பியவருக்குக் காவல் நின்றன.

1954 நவம்பரில் பிரெஞ்சு ஆட்சி போனது. துப்ளேயும் அந்த இடத்திலிருந்து இறங்கினார். தூண்களை யாரும் செஞ்சிக்குத் திருப்பி அனுப்பவில்லை. அவற்றுக்கு நடுவே தடியோடு நடக்கும் காந்தி வந்தார்.

துப்ளேயைப் பார்க்க வேண்டுமானால் அதே சாலையில் தெற்கே நடக்க வேண்டும். கோடியில் ஒரு பூங்கா; அங்கே நிற்கிறார். போன முறை போனபோது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, இது யார் சிலை?" என்று கேட்டேன்.

"யாரோ துரைங்க," என்றார். "முன்னெல்லாம் அங்கே தூணுக்கு நடுவுல இருந்தாராம்."