தொலைவிலிருந்து கோப்பு வந்த வரலாறு

பொருளைக் கொடுத்தால் குறையும். கல்வியைக் கொடுத்தால் குறையாது என்பர் நம் முன்னோர். அதற்குக் கண்கண்ட சான்றாக ஒரு செயல் இந்நாளில் நடைபெறுகிறது. கணினித் திரையின் ஒரு பக்கத்தில் தொலைவிலுள்ள வழங்கிக் கணினியின் கோப்புகள் தோன்றுகின்றன. மறுபக்கத்தில் நம் கோப்புறை. வேண்டிய கோப்பை மவுஸால் பற்றி இப்பக்கம் இழுத்து விடுகிறோம். அது வந்து சேர்கிறது. எனினும் அங்கிருந்தது அங்கேயே இருக்கிறது! கை செய்வது இழுத்தல். கணினி செய்வதோ படியெடுத்தல். இவ்விரண்டும் ஒன்றுசேரப் பல ஆண்டுகள் ஆயின.

முதலில் தோன்றியது படியெடுக்கும் நெறியே. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆர்ப்பாநெட் என்னும் கணினி வலையமைப்பு உருவாயிற்று. அதில் இணைந்த கணினிகள் பல வகையின. ஒன்று கோப்பைச் சேமிக்கும் முறை மற்றொன்றுக்கு விளங்காது. ஆகவே அனைத்துக்கும் பொதுவான நெறி ஒன்று வேண்டியிருந்தது. அதன் முதல் வரைவை எழுதியவர் நம் நாட்டில் பயின்றவர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1965இல் பட்டம் பெற்ற முதல் அணியினருள் ஒருவரான அபய் பூஷண், எம்.ஐ.டி.யில் இருந்தபோது 1971 ஏப்ரலில் அதனை வெளியிட்டார். எஃப்.டி.பி. எனப்படும் கோப்பு மாற்ற நெறிமுறை அதுவே. ஜான் பாஸ்டெலும் ஜாய்ஸ் ரெனால்ட்சும் 1985இல் அதனைத் திருத்தி அமைத்தனர். கட்டளை செல்ல ஓர் இணைப்பு, கோப்பு வர வேறோர் இணைப்பு என்பது அதன் அமைப்பு.

ஆயினும் கட்டளையைத் தட்டெழுத வேண்டும். கோப்பின் பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் ஒன்றும் வாராது. கைக்கு வேலை தந்த கருவி வேறு வழியில் வந்தது. டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் மவுஸைப் பலரறியக் காட்டினார். 1984இல் வெளிவந்த மேக்கின்டாஷ் கணினி, கோப்பைப் படமாகக் காட்டி இழுத்து விடும் பழக்கத்தைப் பொதுமக்களிடம் பரப்பியது. பின்னர் இவ்விரண்டு வழிகளும் கூடின. 2001இல் டிம் கோசே வகுப்புத் தோழர் இருவருடன் தொடங்கிய ஃபைல்சில்லா போன்ற நிரல்களில் நாம் இழுத்து விட்டாலே போதும். முன்பு தட்டெழுதிய கட்டளையை நிரலே அனுப்பிவிடும்.

எளிமை மிகுந்தால் விழிப்புக் குறைவதும் இயல்பு. ஒருமுறை நெடிய அறிக்கையொன்றின் மொழிபெயர்ப்பைச் சுருக்கிய கோப்பாக இழுத்தெடுத்தேன். கோப்பு வந்தது; திறக்கவில்லை. எழுத்துக் கோப்புகளுக்குரிய முறையில் வந்தமையால், வரிமுடிவுக் குறிகளை மாற்றுவதாக எண்ணிக் கணினி அதன் உள்ளீட்டையே சிதைத்திருந்தது. அப்பக்கம் மூலத்தை அழிக்க முற்பட்ட நண்பரைத் தொலைபேசியில் தடுத்தேன். முறையை மாற்றி மீண்டும் இழுத்ததும் நலமே வந்தது. படியைத் திறந்து பார்க்கும்வரை மூலத்தை அழித்தலாகாது என்று அன்று கற்றேன்.

மற்றொரு குறையும் உண்டு. பழைய நெறியில் கடவுச்சொல் மறைப்பின்றிச் செல்லும். இடைவழியில் எவரும் படிக்கலாம். பின்லாந்தின் டாட்டு யுலோனென் 1995இல் மறைகுறியிட்ட பாதுகாப்பு வழியொன்றை வகுத்தார். 2021இல் குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகள் பழைய நெறியைக் கைவிட்டன. உள்ளே வழி மாறிற்று. இழுத்து விடும் கை மாறவில்லை.

1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் நம் இலக்கியங்களைத் தட்டெழுதி இலவசமாக வழங்கிவருகின்றனர். தமிழ் நூலகம் அருகில் இல்லாத ஊரில் வாழும் நம்மவர் வீட்டிற்கும் அவை வந்து சேரும். நாம் ஒரு படி எடுப்பதனால் அங்கே ஓர் ஏடும் குறையாது. எடுத்ததைத் திறந்து, நம் மக்களுடன் அமர்ந்து படித்தல் மட்டுமே நம் கடன்.