ஊழ் என்னும் சொல்

ஊழ் என்றவுடன் அச்சமும் சற்றே கசப்பும் கலந்ததொரு நினைவு நம் உள்ளத்தில் எழுகிறது. ஆயின் ஊழ்த்தல் என்ற வினைச்சொல்லைப் பழம்புலவர்கள் பூவுக்கும் கனிக்கும் உரியதாக்கியே பெரிதும் ஆண்டனர். மொட்டு பருவம் வந்து விரிவதும், காய் முற்றிப் பழுப்பதும், பழுத்தது காம்பைவிட்டு உதிர்வதும் ஊழ்த்தலே. ஊழுக்கென ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவரே, கற்றதைப் பிறர் உணர விரித்துரைக்க மாட்டாதாரைக் கொத்தாக மலர்ந்தும் மணம் வீசாத பூவுக்கு ஒப்பிடுமிடத்தில், இச்சொல்லை மலர்தற்பொருளிலே வைத்திருக்கிறார். முறையே வருதலும் அதற்குப் பொருள். ஊழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழிந்தமையைப் பரிபாடல் 'ஊழூழ்' என்று இரட்டித்துச் சொல்கிறது. இந்நிலையில் அச்சொல்லிடம் குற்றமும் இல்லை, தண்டனையும் இல்லை. உதிர்ந்த பூவின்மேல் யாரும் வழக்குத் தொடுப்பதில்லை.

மனிதனுடைய செயலும் இவ்வாறே முறைப்படி பழுத்து விழுவதுதானா என்ற கேள்வி எழுந்தபோதுதான் சொல்லுக்குப் பாரம் ஏறிற்று. கணியன் பூங்குன்றனார் புறநானூற்றின் 192-ஆம் பாட்டில் உயிரின் போக்கை மலையாற்று நீரோடு செல்லும் புணைக்கு ஒப்பிட்டு, அது 'முறை' வழியே செல்வது என்கிறார். பழைய உரையாசிரியர் அதற்கு ஊழ் என்றே பொருள் உரைத்தார். நம் மேடைகள் முதலடியோடு நின்றுவிடும் அப்பாட்டின் முடிவே தத்துவத்தில் கனமானது. யாவும் முறைவழிப்படுவதால், பெரியோரை வியக்கவும் காரணமில்லை, சிறியோரை இகழ்வதற்கோ அதனினும் காரணமில்லை என்பது அவர் துணிபு. எனினும் நன்மையும் தீமையும் பிறரால் வருவன அல்ல என்றும் அவரே தொடக்கத்தில் கூறிவிட்டார். தன்மேல் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, பிறர்மேல் அதைச் சுமத்த மறுக்கும் இந்நிலை தர்க்கத்திற்கு எளிதில் அடங்காதது. ஆயினும் மனத்துக்கு இசைவது.

வடக்கே இதே சிந்தனையை நியதி என்ற பெயரால் எல்லைவரை கொண்டுசென்றவர் ஆசீவகராகிய மற்கலி கோசாலர். தந்தையைக் கொன்று அரசேறிய அஜாதசத்துரு, அவரிடம் தான் கேட்ட விடையைப் புத்தருக்கு உரைப்பதாகத் தீக நிகாயத்தின் இரண்டாம் சுத்தம் கூறும்: எறிந்த நூலுருண்டை நூல் தீருமட்டும் பிரிந்தோடுவதுபோல், மூடனும் அறிஞனும் பிறவிகளை ஓடித் தீர்க்க வேண்டியதே, முயற்சி என்பதொன்று இல்லை. இதற்குச் சமணர் உரைத்த மறுப்பு உவாசகதசையின் ஏழாம் அத்தியாயத்தில் உள்ளது. சத்தாலபுத்தன் என்ற குயவன் ஆசீவக நெறியினன். பானைகளை வெயிலில் வைத்துக்கொண்டிருந்தவனிடம் மகாவீரர், இவை முயற்சியால் ஆனவையா என்று வினவ, நியதியால் ஆனவை என்றான். அப்படியாயின் எவனேனும் இவற்றைத் திருடினாலோ உடைத்தாலோ, உன் மனைவியிடம் தகாது நடந்தாலோ நீ என் செய்வாய் என்றார். அடிப்பேன், கொல்வேன் என்றான் அவன். நியதி செய்ததற்கு அவனை அடிப்பானேன் என்ற கேள்விக்குக் குயவனிடம் விடையில்லை. அவன் கட்சிமாறியதாகக் கதை முடிகிறது. அவன் கோபத்தை விட்டுவிட்டுக் கொள்கையைக் காத்திருக்கலாம். பூங்குன்றனார் தேர்ந்த வழி ஏறக்குறைய அதுவே.

இனித் திருக்குறள். முப்பத்தெட்டாம் அதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் 'வினை' என்ற சொல் ஓரிடத்தும் இல்லை. முற்பிறப்பும் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை. அதன் முதற் குறள், ஒருவனது முயற்சியும் மற்றொருவனது சோம்பலுமே ஊழால் தோன்றுவன என்கிறது. அங்ஙனமாயின், தளராது உழைப்பவர் ஊழையும் புறங்காட்டி ஓடச் செய்வர் என்று அறுபத்திரண்டாம் அதிகாரம் முடிவது எவ்வாறு? அந்த உழைப்பைத் தந்ததும் ஊழ்தானே? உரைகாரர் பலர் இம்முரணை இணக்க முயன்றனர். வள்ளுவர் இரண்டையும் அறிந்தே விட்டுவைத்தார் என்பது என் கருத்து; ஒன்று நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்ப்பவனுக்கு, மற்றொன்று செய்யப் புகுகின்றவனுக்கு.

ஊழுக்கு உரிமையாளன் ஒருவனைத் தேடித் தந்தது 'ஊழ்வினை' என்ற தொடர்தான். சிலப்பதிகாரத்தில் மதுராபதி என்னும் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றி, அவள் கணவன் கோவலன் முற்பிறப்பில் சங்கமன் என்னும் வணிகனைக் கொல்வித்த பரதன் என்று வெளிப்படுத்துகிறது. பழுத்து விழுவது இப்போது கனியன்று. ஒருவன் முன்னம் இட்ட வித்தின் பயன். பின்னாளில் குறளுக்கு உரைகண்ட பரிமேலழகர், இருவினையின் பயன் செய்தவனையே சென்றடையக் காரணமான நியதி என ஊழுக்கு வரையறை தந்து, பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி ஆகியவற்றையும் அதனோடு ஒருபொருட் சொற்களாக அடுக்கியபோது, குறளின் அதிகாரத்தில் இல்லாத வினை அதற்குள் உறுதியாகக் குடியேறிற்று. ஆனால் சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் கதையை அடுக்கிய வரிசையை நோக்க வேண்டும். தெய்வம் அவ்விளக்கத்தைச் சொல்வதற்கு மூன்று காதைகள் முன்னரே, கோவலனைக் கொல்வித்த பாண்டியன் தானே குற்றவாளி எனச் சொல்லி உயிர்நீத்துவிட்டான். ஊழைக் காட்டித் தப்பும் வாய்ப்பு அவனுக்கு அளிக்கப்படவேயில்லை. அளித்திருந்தாலும் கொண்டிருப்பான் என்று தோன்றவில்லை.

இன்று ஊழ் ஏட்டுச் சொல்லாகிவிட்டது. பேச்சில் அதன் இடத்தைத் தலையெழுத்தும் விதியும் பிடித்துக்கொண்டன. விதி மட்டும் வேறொரு வாழ்வையும் பெற்றது. 1814-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ், இயற்கையின் விசைகளையும் பொருள்களின் நிலைகளையும் ஒருகணத்தில் முற்றும் அறியவல்ல அறிவுக்கு வருங்காலமும் கண்முன் நிற்கும் என்று எழுதினாரே, அவர் கருதிய ஒழுங்கைப் பௌதிக நூல்கள் 'இயற்கை விதி' என்கின்றன. அதில் வினையில்லை, செய்தவனைத் தேடிச் செல்லும் பயனும் இல்லை. மொட்டு விரியும் முறை மட்டுமே உண்டு.