ஆசிரியர் விட்டுச் சென்ற சொத்து

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையரை நம் எல்லோருக்கும் தெரியும். அவரை உருவாக்கிய ஆசிரியரை எத்தனை பேருக்குத் தெரியும்?

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815-இல் பிறந்தவர். தலபுராணங்கள் பல பாடிய பெரும்புலவர். ஏழை மாணவர்களை ஆதரித்துப் பாடம் சொன்னவர். அவரிடம் சாதி, மத வேற்றுமை கிடையாது.

சாமிநாதையர் 1871-இல், 16 வயதில், மாயூரத்தில் அவரிடம் சேர்ந்தார். ஐந்து ஆண்டுகள் நிறைவதற்குள் ஆசிரியர் நோயில் படுத்துவிட்டார். கையில் வந்ததெல்லாம் செலவாகிவிட, கடன்தான் மிஞ்சியிருந்தது.

1876 பிப்ரவரி 1. உயிர் பிரியும் நேரத்திலும் அவர் கேட்டது தமிழைத்தான்! திருவாசகத்தில் அடைக்கலப்பத்தை வாசிக்கச் சொன்னார். சாமிநாதையர் வாசித்தார். ஆசிரியரைத் தாங்கிப் பிடித்திருந்தவர் சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர். சைவப் புலவர் ஒருவரின் கடைசி நிமிடம் இப்படித்தான் கழிந்தது.

ஆசிரியர் மறைந்தாலும் மாணவர்கள் ஒருவரையொருவர் கைவிடவில்லை. 1880-இல் கும்பகோணம் கல்லூரி வேலையிலிருந்து விலகிய தியாகராச செட்டியார், அந்த இடத்தைச் சாமிநாதையருக்கு வாங்கிக் கொடுத்தார். செட்டியாரும் பிள்ளையின் மாணவரே. அங்கே இருந்தபோதுதான் சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார்.

ஆசிரியர் இறந்து 57 ஆண்டுகள் கழித்து, 1933-இல், அவருடைய வரலாற்றை எழுதி வெளியிடத் தொடங்கினார் சாமிநாதையர். அப்போது அவருக்கு வயது 78!

பிள்ளை பணம் சேர்க்கவில்லை. மாணவர்களைச் சேர்த்தார். அந்தச் சொத்துதான் அழியாமல் நம் கைக்கு வந்திருக்கிறது.